சண்டைப் பிரிவுகளும் அவற்றின் தலைமையகங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்ச் செய்திகளில் "ஒரு பிரிகேட் முன்னேறியது", "இரண்டு பட்டாலியன்கள் பின்வாங்கின" என்றெல்லாம் வருகிறது. அந்தப் பெயருக்குள் எத்தனை பேர், அவர்களை நடத்துபவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பது பிடிபடாவிட்டால் செய்தியில் பாதி கை நழுவிப்போகும். நாட்டுக்கு நாடு பெயரும் எண்ணிக்கையும் மாறும். அவற்றுக்குப் பின்னால் உள்ள காரணங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அந்தக் காரணங்களைப் பிடித்துக்கொண்டால் எந்த நாட்டுப் படையைப் பற்றிப் படித்தாலும் வழி தெரியும்.

கீழிருந்து மேல்வரை படிகள் என்னென்ன?

அடியில் இருப்பது செக்‌ஷன். அமெரிக்கர்கள் ஸ்குவாட் என்பார்கள். 8 முதல் 13 பேர் வரை இருப்பார்கள். ஒருவர் கத்தினால் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். அதற்குள்ளும் இரண்டு சிறு குழுக்கள் உண்டு. ஒன்று சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் செய்யும்போது மற்றது நகரும்.

மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளாட்டூன், 30 முதல் 40 பேர். மூன்று பிளாட்டூன் சேர்ந்தால் கம்பெனி, 100 முதல் 150 பேர், சில படைகளில் இன்னும் கூடுதல். நான்கைந்து கம்பெனிகள் கொண்டது பட்டாலியன். 500 முதல் 1,000 பேர். மூன்று நான்கு பட்டாலியன்களோடு பீரங்கி, பொறியியல், தகவல்தொடர்பு ஆட்களும் சேர்ந்தால் 3,000 முதல் 5,000 பேர் கொண்ட பிரிகேட். பிரிகேடுகள் சேர்ந்து 10,000 முதல் 20,000 பேர் கொண்ட டிவிஷன். இரண்டு மூன்று டிவிஷன்களுக்கு மேலே கோர். பெரிய போர்களில் அதற்கும் மேலே ஆர்மி, ஆர்மி குரூப் என்று போகும்.

இவற்றில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் பட்டாலியனை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே எல்லாமே ஒரு தளபதியும் அவருடைய ஆட்களும்தான். பட்டாலியனில்தான் தளபதிக்கென்று திட்டம் போடவும், தகவல் திரட்டவும், கணக்கு வைக்கவும் தனி அதிகாரிகள் முதன்முதலாக வருகிறார்கள். இவர்களைத்தான் ஸ்டாஃப் என்பார்கள்.

எங்கு பார்த்தாலும் மூன்று, நான்கு என்றே வருகிறதே, ஏன்?

குண்டு வெடிக்கும் இடத்தில், தூக்கமில்லாமல், அரைகுறைத் தகவலோடு ஒரு மனிதர் ஒரே நேரத்தில் எத்தனை பேரிடம் பேசி முடிவெடுக்க முடியும் என்பதுதான் இதன் அடிப்படை. மூன்று முதல் ஐந்து வரை என்பது அனுபவம் சொன்ன விடை. மூன்றில் இன்னொரு வசதியும் உண்டு: ஒன்று எதிரியைப் பிடித்து நிறுத்தும், இன்னொன்று பக்கவாட்டில் சுற்றும், மூன்றாவது கையிருப்பில் நிற்கும். கையிருப்பு இல்லாத தளபதிக்கு முதல் குண்டு வெடித்தபின் முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது.

இது பழைய அறிவு. நம் இதிகாசக் கணக்கில் ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள் சேர்ந்தது ஒரு பத்தி. அதை மூன்று மூன்றாக ஏழு முறை பெருக்கி, கடைசியில் பத்தால் பெருக்கினால் அக்குரோணி: 21,870 தேர், அதே அளவு யானை, 65,610 குதிரை, 1,09,350 காலாள். அந்த அளவுக்குப் படை திரண்டதா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு படியிலும் மூன்று என்று வகுத்தவர்களின் கணக்கு இன்றைய கணக்கோடு ஒத்துப்போகிறது. ரோமானியர்கள் எட்டுப் பேரை ஒரு கூடாரத்தில் வைத்து, பத்துக் கூடாரத்தை ஒரு செஞ்சுரி ஆக்கி, ஆறு செஞ்சுரியை ஒரு கோஹார்ட் ஆக்கினார்கள். மங்கோலியர்கள் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடுக்கினார்கள்.

எண்ணை மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் அமெரிக்க டிவிஷனில் நான்கு ரெஜிமென்ட்கள் (பட்டாலியனுக்கு மேல், டிவிஷனுக்குக் கீழ் உள்ள படி), ஏறத்தாழ 28,000 பேர். அகழிப் போரில் இழப்பைத் தாங்கிக்கொண்டு முட்டிக்கொண்டே இருக்க அது உதவும். வேகமாக நகர உதவாது. இரண்டாம் உலகப் போரில் அதை மூன்று ரெஜிமென்ட் ஆக்கி, 14,000 முதல் 15,000 பேருக்குள் கொண்டுவந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் அணுகுண்டுப் போரை மனதில் வைத்து, பட்டாலியனையே எடுத்துவிட்டு, ஐந்து கம்பெனி கொண்ட ஐந்து போர்க்குழுக்களாக டிவிஷனைப் பிரித்துப் பார்த்தார்கள். நடுவில் இருந்த ஒரு படி போனதால் மேலே இருந்தவரின் சுமை கூடியது. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டு, பட்டாலியனையும் பிரிகேடையும் வைத்து மறுபடி கட்டினார்கள்.

ரெஜிமென்ட் எந்தப் படியில் வரும்?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ரஷ்ய மரபிலும் பழைய ஜெர்மன், அமெரிக்க மரபிலும் ரெஜிமென்ட் என்பது சண்டைப் படி. பட்டாலியனுக்கு மேல், டிவிஷனுக்குக் கீழ். பிரிட்டிஷ் மரபிலும் அதிலிருந்து வந்த இந்திய மரபிலும் காலாட்படை ரெஜிமென்ட் என்பது குடும்பம் மாதிரி. ஆள் சேர்ப்பு, பயிற்சி, கொடி, நினைவுநாள் எல்லாம் அதன் பேரில் நடக்கும். ஆனால் அதன் பட்டாலியன்கள் வெவ்வேறு பிரிகேடுகளில் சிதறி இருக்கும். ஒன்றாகச் சேர்ந்து சண்டையிடுவதில்லை. அதே மரபில் டாங்கி ரெஜிமென்ட், பீரங்கி ரெஜிமென்ட் என்றால் அது பட்டாலியன் அளவுள்ள உண்மையான சண்டைப் பிரிவு. ஆகவே ரெஜிமென்ட் என்று படித்தால், எந்த நாடு, எந்தப் படை என்ற இரண்டையும் முதலில் கேளுங்கள்.

ஸ்குவாட்ரன், பேட்டரி?

கம்பெனிக்குச் சமமானவை. டாங்கிப் படையில் ஸ்குவாட்ரன், பீரங்கிப் படையில் பேட்டரி.

எந்தப் படிக்கு எந்தப் பதவியில் இருப்பவர் தளபதி?

செக்‌ஷனுக்கு நாயக் அல்லது ஹவில்தார் நிலையில் உள்ளவர். பிளாட்டூனுக்குப் பல நாடுகளில் இளம் லெப்டினன்ட். இந்திய ராணுவத்தில் பெரும்பாலும் சுபேதார் அல்லது நாயப் சுபேதார். கம்பெனிக்கு அமெரிக்காவில் கேப்டன், பிரிட்டிஷ் மரபில் மேஜர். பட்டாலியனுக்கு லெப்டினன்ட் கர்னல். இந்தியாவில் இப்போது கர்னல். பிரிகேடுக்கு பிரிகேடியர், அமெரிக்காவில் கர்னல். டிவிஷனுக்கு மேஜர் ஜெனரல், கோருக்கு லெப்டினன்ட் ஜெனரல்.

இளம் லெப்டினன்ட் பிளாட்டூனை நடத்தும் இடங்களில் அவருக்குப் பக்கத்தில் பல ஆண்டு அனுபவமுள்ள சார்ஜென்ட் இருப்பார். பொறுப்பு லெப்டினன்டுடையது. குண்டு எத்தனை மிச்சம், யாருக்குக் காலில் புண், யார் பயந்துபோயிருக்கிறார் என்பதெல்லாம் சார்ஜென்டுக்குத்தான் தெரியும். இந்த ஜோடி சரியாக அமையாத பிளாட்டூனை எந்த வரைபடமும் காப்பாற்றாது.

ஒரு பட்டாலியனுக்குள் யார் யார் இருக்கிறார்கள்?

பிரிட்டிஷ் மரபுக் காலாட்படை பட்டாலியனை எடுத்துக்கொள்வோம். மூன்று அல்லது நான்கு ரைஃபிள் கம்பெனிகள். நேருக்கு நேர் சண்டையிடுபவர்கள் இவர்கள். அடுத்து, மார்ட்டர், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை போன்ற கனமான ஆயுதங்களை வைத்திருக்கும் சப்போர்ட் கம்பெனி. பிறகு சமையல், வண்டி, வயர்லெஸ், மருந்து, கிடங்கு எல்லாவற்றையும் பார்க்கும் தலைமையகக் கம்பெனி.

தளபதிக்கு அடுத்தவர் செகண்ட்-இன்-கமாண்ட். சண்டை நடக்கும்போது இவர் வேண்டுமென்றே தளபதியோடு ஒரே வண்டியில் ஏற மாட்டார். ஒரு குண்டில் இருவரும் போய்விடக் கூடாது. அட்ஜுடன்ட் தளபதியின் வலக்கை: உத்தரவுகள், ஒழுங்கு, ஆள் கணக்கு. குவார்ட்டர்மாஸ்டர் பொறுப்பில் சோறு, தண்ணீர், துணி, தோட்டா. உளவு அதிகாரி, சிக்னல் அதிகாரி, மருத்துவர் ஆகியோரும் உண்டு. சிப்பாய்களிலிருந்து உயர்ந்து வந்தவர்களில் மூத்தவரான சுபேதார் மேஜர் (பிரிட்டனில் ரெஜிமென்டல் சார்ஜென்ட் மேஜர்) படைவீரர்களின் மனநிலையைத் தளபதியிடம் நேரடியாகச் சொல்லும் உரிமை உள்ளவர். இந்த உரிமை காகிதத்தில் சிறிதாகத் தெரியும். வீரர்கள் களைத்துப்போய்விட்டார்கள் என்று ஒருவர் துணிந்து சொல்ல முடிகிற பட்டாலியனும், சொல்ல முடியாத பட்டாலியனும் ஒன்றல்ல.

ஸ்டாஃப் அதிகாரிகள் எதற்கு? தளபதி ஒருவர் போதாதா?

சில நூறு பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் யார் எந்தச் சாலையில் எப்போது வருவது, எந்தப் பாலம் எத்தனை டன் தாங்கும், நாளைக்குத் தோட்டா எங்கிருந்து வரும் என்ற கேள்விகளே தளபதியை விழுங்கிவிடும்.

1815 ஜூன் மாதத்தைப் பாருங்கள். நெப்போலியனுக்கு 1796 முதல் 1814 வரை தலைமை ஸ்டாஃப் அதிகாரியாக இருந்தவர் பெர்த்தியே. வாய்மொழியாக அவசரமாகச் சொன்னதைத் தெளிவான உத்தரவாக எழுதி, உரியவருக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவைப்பது அவர் வேலை. வாட்டர்லூப் போரின்போது அவர் இல்லை. அந்த இடத்தில் சூல்ட் இருந்தார். ஜூன் 16 அன்று லின்யி, காத்ர் பிரா என்ற இரண்டு இடங்களில் ஒரே நாளில் சண்டை. நெப்போலியனின் தளபதிகளில் ஒருவரான த'எர்லோனின் கோர் முரணான உத்தரவுகளால் இரண்டுக்கும் நடுவே அலைந்து, இரண்டிலும் சேராமல் போனது. அன்றைக்கு நெப்போலியன் தோற்கவில்லை; ஆனால் கைக்கெட்டிய முழு வெற்றி நழுவியது.

அதே நாள் எதிர்ப்பக்கத்தில் பிரஷ்யத் தளபதி புளூச்சர் குதிரைக்கு அடியில் சிக்கிக் காணாமல் போனார். தோற்ற படை, தளபதி இல்லை, இருட்டு. அவருடைய ஸ்டாஃப் தலைவர் க்னைஸனவ் பொறுப்பைக் கையிலெடுத்து, கிழக்கே தங்கள் நாட்டை நோக்கிப் போகாமல் வடக்கே வாவ்ர் பக்கம் திரும்ப உத்தரவிட்டார். அதனால்தான் ஜூன் 18 அன்று பிரஷ்யர்கள் வாட்டர்லூ களத்துக்கு வந்து சேர முடிந்தது.

அது தற்செயல் அல்ல. 1806-ல் நெப்போலியனிடம் நொறுங்கிய பிறகு ஷார்ன்ஹோர்ஸ்ட்டும் க்னைஸனவும் பிரஷ்யப் படையைச் சீர்திருத்தினார்கள். தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெற்ற ஸ்டாஃப் அதிகாரிகளை ஒவ்வொரு பெரிய தளபதிக்கும் பக்கத்தில் உட்காரவைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. ஒரே விதமாகச் சிந்திக்கப் பழகியவர்கள் என்பதால், தகவல் அறுந்தாலும் அடுத்தவர் என்ன செய்வார் என்று ஊகிக்க முடிந்தது. மூத்த மோல்ட்கே அந்த அமைப்பின் தலைமையில் முப்பது ஆண்டுகள் இருந்து, ரயில் அட்டவணை வரை அதன் வேலையாக்கினார்.

எஸ்-2, ஜி-3 என்று எழுதுகிறார்களே, அது என்ன?

முன்னெழுத்து தலைமையகத்தின் அளவைச் சொல்கிறது. அமெரிக்க வழக்கில் பட்டாலியன், பிரிகேட் என்றால் எஸ். ஜெனரல் தலைமை வகிக்கும் டிவிஷனும் அதற்கு மேலும் என்றால் ஜி. முப்படைகளும் சேர்ந்த தலைமையகம் என்றால் ஜே. எண் வேலையைச் சொல்கிறது. 1 ஆள் நிர்வாகம், 2 உளவு, 3 நடவடிக்கைகள், 4 தளவாடம், 5 எதிர்காலத் திட்டம், 6 தகவல்தொடர்பு. நேட்டோ முறையில் 7 பயிற்சி, 8 நிதி, 9 பொதுமக்கள் தொடர்பு. முதல் நான்கும் பிரெஞ்சு ராணுவத்தின் நான்கு அலுவலகங்களிலிருந்து வந்தவை. 1917-18-ல் பிரான்சில் சண்டையிட்ட பெர்ஷிங்கின் அமெரிக்கப் படை அதை எடுத்துக்கொண்டது. பழைய பிரிட்டிஷ் முறையில் ஜி, ஏ, க்யூ என்று மூன்றே கிளைகள்: சண்டை, ஆட்கள், பொருட்கள்.

இவர்களில் 3-க்கு உரியவரே செல்வாக்கு மிக்கவர் என்று பொதுவாக நினைப்பார்கள். என் பார்வையில் கடினமான வேலை 2-க்கு உரியவருடையது. திட்டத்தை ஒத்திகை பார்க்கும் மேசையில் அவர் எதிரியின் இடத்தில் உட்கார்ந்து, தன் சொந்தத் தளபதியின் திட்டத்தை முடிந்த மட்டும் உடைக்க வேண்டும். மேலதிகாரியை மகிழ்விக்க நினைத்து எதிரியை முட்டாளாக நடித்துக்காட்டினால், மறுநாள் அதற்கு விலை கொடுப்பது கீழே உள்ள கம்பெனிகள்.

ஸ்டாஃப் அதிகாரி கட்டளையிடலாமா?

தன் சொந்த அதிகாரத்தில் முடியாது. பிரிகேடில் உள்ள ஒரு மேஜர் பட்டாலியன் தளபதியான கர்னலுக்கு உத்தரவு அனுப்புகிறார் என்றால், அது பிரிகேட் தளபதியின் பெயரில், அவர் ஒப்புக்கொண்டதற்குள் மட்டுமே. வெற்றிக்கும் தோல்விக்கும் பதில் சொல்ல வேண்டியவர் தளபதி ஒருவரே.

இந்தக் கோடு மங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1914 செப்டம்பர் சாட்சி. முதல் உலகப் போர். பிரான்சில் மார்ன் ஆற்றங்கரையில் சண்டை உச்சத்தில் இருக்கிறது. ஜெர்மன் தலைமைத் தளபதி இளைய மோல்ட்கே வெகுதூரத்தில் லக்சம்பர்க்கில். நிலைமை புரியாமல், ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் அனுப்பினார். வாய்மொழியாக என்ன அதிகாரம் கொடுத்தார் என்று இன்றுவரை வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். ஹென்ட்ஷ் ஐந்து ஆர்மிகளின் தலைமையகங்களுக்கும் போனார். செப்டம்பர் 9 அன்று முதலாம் ஆர்மிக்கு வந்து, அதன் தளபதி குளுக்கைப் பார்க்காமலேயே, ஸ்டாஃப் தலைவர் கூல் என்பவரிடம் பேசி, மோல்ட்கேயின் பெயரால் பின்வாங்கச் சொன்னார். படை பின்வாங்கியது. பாரிஸ் தப்பியது. அந்த முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். லட்சக்கணக்கானோரின் போக்கை மாற்றும் முடிவை, யார் எடுத்தார் என்று தெளிவாகச் சொல்ல முடியாத நிலையில் ஓர் அமைப்பு இருந்ததே, அதுதான் குறை.

உத்தரவு மேலிருந்து கீழே எப்படிப் போகிறது?

பல ராணுவங்களில் உத்தரவுக்கு ஐந்து பத்திகள்: நிலைமை, பணி, செயல்படுத்தும் விதம், பொருள் வழங்கலும் நிர்வாகமும், கட்டளையும் தகவல்தொடர்பும். வரிசை மாறாது. களைத்துப்போன ஒருவர் அரை இருட்டில் கேட்டாலும் எது எங்கே வரும் என்று தெரிய வேண்டும்.

நேரத்துக்கும் ஒரு விதி உண்டு: கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீ எடுத்துக்கொள், மீதியைக் கீழே உள்ளவருக்குக் கொடு. தாக்குதலுக்கு 24 மணி நேரம் இருந்தால் பிரிகேட் 8 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். மீதி 16-ல் பட்டாலியனுக்கு ஐந்தரைக்குள். கம்பெனி தன் பங்கை எடுத்தபிறகு பிளாட்டூனுக்கு ஏழு மணி நேரம் மிஞ்சும். அதற்குள் நிலத்தைப் பார்த்து, ஆட்களுக்குச் சொல்லி, ஒத்திகை பார்த்து, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்க வேண்டும். பிரிகேட் தலைமையகம் அழகான வரைபடம் போடுவதற்காக 16 மணி நேரம் எடுத்துக்கொண்டால், கீழே உள்ளவர்கள் நிலத்தைப் பார்க்காமலே அதற்குள் இறங்குவார்கள்.

இதோடு தளபதியின் நோக்கமும் எழுதப்படும். "அந்தக் குன்றைப் பிடி" என்பது பணி. "எதிரி அந்தப் பாலம் வழியாகத் துணைப்படை கொண்டுவராமல் தடுக்க" என்பது நோக்கம். குன்றிலிருந்து பாலம் தெரியவில்லை என்று அங்கே போனபின் தெரிந்தால், நோக்கத்தை அறிந்த லெப்டினன்ட் இடத்தை மாற்றுவார். அறியாதவர் குன்றிலேயே உட்கார்ந்திருப்பார்.

டாங்கியும் பீரங்கியும் காலாட்படையோடு எப்படிச் சேர்கின்றன?

சமாதான காலத்தில் தனித்தனிக் குடும்பங்கள். சண்டைக்கு முன் கலக்கப்படும். ஒரு காலாட்படை கம்பெனியைக் கொடுத்து ஒரு டாங்கிக் கம்பெனியை வாங்கிக்கொள்வார்கள். அப்படிக் கலந்ததைப் போர்க்குழு என்பார்கள்.

முக்கியமான வேறுபாடு ஒன்று: "கட்டளையின் கீழ்" என்றால் அந்தப் பிரிவை எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். "ஆதரவாக" என்றால் அது உங்களுக்கு உதவும், ஆனால் அதன் எஜமானர் வேறு. பீரங்கி பெரும்பாலும் இரண்டாவது வகை. பீரங்கிகள் பின்னால் இருக்கும். இலக்கைப் பார்த்துச் சொல்லும் அதிகாரி முன்வரிசைக் கம்பெனியோடு நடப்பார். பேட்டரித் தளபதி பட்டாலியன் தளபதியின் பக்கத்தில் உட்காருவார். ஒரு கம்பெனி ஆபத்தில் சிக்கினால் எட்டும் தூரத்திலுள்ள எல்லாப் பீரங்கிகளும் அதற்காகத் திரும்பலாம். பீரங்கியைக் கையிருப்பில் சும்மா வைப்பதில்லை என்ற விதி இதிலிருந்து வந்தது.

பிரிகேடை நம்புவதா, டிவிஷனை நம்புவதா?

இந்த ஊசல் ஓயாமல் ஆடுகிறது. 1806 அக்டோபர் 14 அன்று அவுர்ஷ்டெட்டில் நெப்போலியனின் தளபதி டாவூவின் ஒரே கோர், சுமார் 27,000 பேர், தன்னைப்போல் இரு மடங்குக்கும் அதிகமான பிரஷ்ய முதன்மைப் படையைத் தனியாக நின்று தோற்கடித்தது. காலாள், குதிரை, பீரங்கி, ஸ்டாஃப் எல்லாம் அதற்குள்ளேயே இருந்ததால்தான் முடிந்தது. 2000-களில் அமெரிக்கா அந்தத் தன்னிறைவைப் பிரிகேடுக்கு இறக்கியது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கு அது ஏற்றதாக இருந்தது. ரஷ்யா இன்னும் கீழே போய், டாங்கி, பீரங்கி, வான் பாதுகாப்பு சேர்த்த பட்டாலியன் போர்க்குழுக்களை 2022-ல் உக்ரைனுக்குள் அனுப்பியது. காலாட்கள் மிகக் குறைவு. இத்தனை வகை ஆயுதங்களை ஒருங்கிணைக்க ஒரு பட்டாலியனின் சிறிய ஸ்டாஃப் போதவில்லை. ஆயுதத்தைக் கீழே இறக்குவது எளிது. அதைச் சேர்த்து இயக்கும் மூளையையும் அதோடு இறக்க வேண்டும்.

வரைபடத்தில் உள்ள சின்னங்களை எப்படிப் படிப்பது?

நேட்டோ முறையில் நம் படை நீலச் செவ்வகம், எதிரி சிவப்பு வைரம். உள்ளே பெருக்கல் குறி போட்டால் காலாட்படை, நீள்வட்டம் டாங்கி, நிரப்பிய புள்ளி பீரங்கி. தலைக்கு மேலே அளவு: மூன்று புள்ளி பிளாட்டூன், ஒரு நேர்கோடு கம்பெனி, இரண்டு பட்டாலியன், மூன்று ரெஜிமென்ட். பிறகு பெருக்கல் குறிகள்: ஒன்று பிரிகேட், இரண்டு டிவிஷன், மூன்று கோர்.

வரைபடத்தில் சின்னம் இருந்தால் அங்கே அத்தனை பேர் இருப்பார்களா?

இல்லை. ஒரு மாதச் சண்டைக்குப் பிறகு பட்டாலியன் என்ற பெயரில் ஒரு கம்பெனி அளவே நிற்கலாம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் பெரிய தாக்குதல்களுக்கு முன்பு சில அதிகாரிகளையும் அனுபவசாலிகளையும் வேண்டுமென்றே பின்னால் நிறுத்தினார்கள். மற்றவர்கள் திரும்பாவிட்டாலும் அவர்களைக் கொண்டு பட்டாலியனை மறுபடி கட்டலாம் என்று.

முழுப் பொய்யும் சாத்தியம். 1944-ல் நேச நாடுகள் அமெரிக்க ஜெனரல் பேட்டன் தலைமையில் ஓர் ஆர்மி குரூப் தென்கிழக்கு இங்கிலாந்தில் இருப்பதாக நம்பவைத்தன. போலி டாங்கிகளோடு, இல்லாத தலைமையகங்கள் ஒன்றோடொன்று பேசுவது போன்ற வயர்லெஸ் உரையாடல்களையும் ஒலிபரப்பினார்கள். ஜூன் 6-ல் நார்மண்டியில் படை இறங்கிய பிறகும் வாரக்கணக்கில் ஜெர்மன் 15-வது ஆர்மியின் பெரும்பகுதி வடக்கு பிரான்சின் கலே நகரைச் சுற்றியுள்ள பகுதியிலேயே காத்திருந்தது.

தலைமையகம் எங்கே இருக்கும்?

ஒரே இடத்தில் இருப்பதில்லை. திட்டமும் ஒருங்கிணைப்பும் நடக்கும் முதன்மைத் தலைமையகம், தளபதி சில ஆட்களோடு முன்னே கொண்டுபோகும் சிறு போர்த்தந்திரத் தலைமையகம், பொருள் வழங்கலும் ஆள் நிர்வாகமும் பார்க்கும் பின்தலைமையகம் என்று பிரிந்திருக்கும். தலைமையகம் பேசியே ஆக வேண்டும். பேசினால் வயர்லெஸ் அலைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். உக்ரைனில் 2022 முதல் கட்டளை நிலையங்கள் திரும்பத் திரும்ப ஏவுகணைகளுக்கு இரையாகியிருக்கின்றன. அதனால் பெரிய கூடாரங்களை விட்டு, சில வண்டிகளாகவும் நிலவறைகளாகவும் சிதறி, அடிக்கடி இடம் மாறப் படைகள் பழகிவருகின்றன. இடம் மாறும்போது முறை இது: இன்னொரு நிலையம் முதலில் வரைபடத்தையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, "கட்டுப்பாடு இப்போது என்னிடம்" என்று கீழே உள்ள எல்லாப் பிரிவுகளுக்கும் அறிவிக்கும். அவை ஒவ்வொன்றும் ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொன்ன பிறகே பழைய நிலையம் வயர்லெஸை அணைக்கும்.